நீலம் ஊற்றிய மூட்டைகள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதைத் தவிர அது வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. கடலைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் குடிக்க எழுந்து போனாள் என்று மேஸ்திரி அவள் கூலியில் கை வைக்கப் பார்த்தார். "தாகம் எடுக்காத ஆள்தான் வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ஒரு ஒட்டகத்தை அனுப்பியிருப்பேனே" என்று கேட்டாள். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வைத்த பெயர் வக்கீல். வயதில் சின்னவர்களுக்கு வக்கீலக்கா. கட்டின கணவர்கூட வீட்டுக்கு வந்ததும், "வக்கீலம்மா, சோறு உண்டா, வாய்தாவா?" என்றுதான் கேட்பார்.

கணவர் தையல்காரர். அவர்கள் குடியிருந்தது மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், பின்னறையில் அடுப்பு, கட்டில், துணி மூட்டைகள். அவர் அதிகம் பேச மாட்டார். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று சொல்லிக்கொள்வார். ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், அங்கேயே கணக்குப் பார்க்கும் பையனைக் கட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

கிடங்கு என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் ரப்பர் பெல்ட் ஓடும். ஓடு உடைத்த நிலக்கடலை அதன்மேல் மெதுவாக நகர்ந்து வரும். இரண்டு பக்கமும் பலகை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுருங்கியது, பிளந்தது, கறுத்தது, பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்தது எல்லாவற்றையும் விரல் நுனியால் தட்டி எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் போட வேண்டும். மழைக்காலத்தில் வரும் சரக்கு மோசம். மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுடும். அப்போதெல்லாம் தொட்டி சீக்கிரம் நிறையும்.

பொறுக்கி எடுத்த நல்ல கடலை கப்பலேறிப் போகும். தொட்டியில் விழுந்ததற்குச் சொத்தை என்று பெயர். சொத்தையும் வீணாகாது. எண்ணெய் ஆட்டுகிறவர்களும் மிட்டாய் போடுகிறவர்களும் லாரி அனுப்பி அள்ளிப் போவார்கள். அதற்கு முன்னால் வேலைக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பை நிரப்பிக்கொள்ளலாம். அது முதலாளியின் தாராளம்.

வக்கீலும் நிரப்பிக்கொண்டு வந்தாள். கழுவி, வெயிலில் காயவைத்து, கருகாமல் வறுத்து, இடித்து வைத்துக்கொள்வாள். காலையில் அதுதான், பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கும் அதுதான். மகள் சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தாள். உடம்பு தேறட்டும் என்று இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று ஊட்டினாள். லேசாகக் கசந்தால் வெல்லம் சேர்த்துக்கொள்வாள். நெருப்பில் போட்டால் எல்லாக் கெடுதலும் போய்விடும் என்பது கிடங்கில் எல்லோரும் நம்பியது.

மகள் முழுகாமல் இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஈரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை வைரஸ் இருப்பது தெரிந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். "எனக்கு ஒரு கேடும் இல்ல. கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று வீம்பு பிடித்தவளை, மாப்பிள்ளை ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார். அவளுக்கும் அந்த வைரஸ் இருந்தது. ஸ்கேன் எடுத்த பெண் திரையையே பார்த்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். ஈரலின் வலது ஓரத்தில் ஒரு கட்டி.

ஈரல் பிரிவின் டாக்டரம்மா கண்ணாடி போட்ட ஒடிசலான பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கேன்சர்தான். ஆனா சின்னதா இருக்கும்போதே கண்ணுல பட்டிருக்கு. வெட்டி எடுத்துடலாம்."

"ஈரலையா?"

"ஈரல்ல ஒரு பகுதியை. மிச்சம் இருக்கிறது மெல்ல வளர்ந்துக்கும்."

"வெட்டினா வளர்றது நகமும் முடியும்தான்னு நெனச்சேன்" என்றாள் வக்கீல். தையல்காரர் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வேலையைப் பற்றிக் கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். சொத்தைக் கடலை என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"எவ்வளவு காலமா சாப்பிடறீங்க?"

"கல்யாணம் ஆன புதுசுல இருந்து. ஏன், அதுல என்ன?"

"கடலை, சோளம் மாதிரி தானியங்கள் ஈரத்துல கிடந்தா ஒரு பூஞ்சை வளரும். அது ஒரு விஷத்தை விடும். அஃப்ளாடாக்சின்னு பேரு. ரொம்ப நாள் உடம்புக்குள்ள போனா ஈரல்ல கேன்சர் வர்ற வாய்ப்பைக் கூட்டும். உங்களுக்கு இருக்கிற வைரஸும் அதைத்தான் செய்யும். ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தா ஆபத்து பல மடங்கு."

"வறுத்துதான சாப்பிட்டோம்?"

"வறுத்தா கொஞ்சம் குறையும். முழுசாப் போகாது. அந்த விஷம் அதிகமா இருக்கிறதே கறுத்தது, சுருங்கினது, பூசணம் பிடிச்சதுலதான்."

"அதாவது, நாங்க பொறுக்கிப் போடறதுல."

"ஆமா."

வக்கீல் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்கு இது கடலையாலதான் வந்துச்சா?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. வைரஸ் மட்டும்கூடக் காரணமா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்திருக்கலாம். ஒரு ஆளுக்கு வந்த கட்டியைப் பார்த்து, இதனாலதான்னு கை நீட்டிச் சொல்ல என்னால முடியாது."

"என் பொண்ணுக்கு?"

"உங்க பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. அவங்களை விடாம கண்காணிப்போம். பிறக்கிற குழந்தைக்கு உடனே தடுப்பூசி போட்டுடலாம். கெட்டுப்போன கடலையை மட்டும் இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க."

வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, அடுப்புக்கு மேலே இருந்த தகர டப்பாவை இறக்கியது. இடித்து வைத்திருந்ததை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். அப்புறம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் தேய்த்தாள். பளபளப்பு வந்த பிறகும் தேய்த்தாள். "இந்தக் கையாலதானே ஊட்டினேன், இந்தக் கையாலதானே" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். தையல்காரர் வந்து டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, அவளை எழுப்பிக் கூட்டிப்போனார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்த மறுநாள் வயிற்றுக் கட்டைப் பிரித்து மருந்து போடும்போது தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு தையலு?" என்று கேட்டாள்.

"சுமாரா இருக்கு. ஓரம் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கான். நான்னா பிரிச்சு மறுபடி போட்டிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து வயிறு பிடித்துக்கொண்டது. நர்ஸ் அவரை வெளியே அனுப்பிவிட்டாள்.

உடம்பு தேற மழைக்காலம் முழுதும் பிடித்தது. மறுபடி கிடங்குக்குப் போகிறேன் என்றபோது மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்னம்மா தலையெழுத்தா? வீட்ல இருந்து அப்பாவுக்குப் பட்டன் தைச்சுக் குடு, போதும்."

"என் வேலையை நான் எதுக்கு விடணும்? தப்பு வேலையிலயா இருக்கு? சொத்தையிலதான இருக்கு?"

"நீ போய் அங்க என்ன பண்ணப் போற?"

"பேசப் போறேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

போன முதல் நாளே பேசினாள். சாயங்காலம் பெல்ட் நின்றதும் பெண்கள் வழக்கம்போலப் பைகளை எடுத்துக்கொண்டு சொத்தைக் குவியலைச் சுற்றி வந்தார்கள். வக்கீல் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சேலைத் தலைப்பை விலக்கித் தையல் தழும்பையும் காட்டினாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதில் சொன்னது ரேடியோ. கிடங்கில் வக்கீலுக்குச் சமமாக வாய் உள்ளவள் அவள் ஒருத்திதான். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும் என்பதால் ரேடியோ.

"எங்க மாமியார் இதைத் தின்னே நல்லா வயசாகித்தான் போச்சு. உனக்கு வந்ததுக்கு ஊரெல்லாம் பட்டினி கிடக்கணுமா?"

"எல்லாருக்கும் வரும்னு நான் சொல்லலை. யாருக்கு வரும்னு தெரியாதுன்னு சொல்றேன்."

"சரி, இதை விட்டுட்டு நான் வீட்டுக்கு என்ன கொண்டு போவேன்? எனக்கு வீட்ல அத்தனை வாய் இருக்கு. நீ வந்து வடிச்சுக் கொட்டுவியா?"

ரேடியோ குனிந்து பையை நிரப்பிக்கொண்டாள். மற்றவர்களும் நிரப்பினார்கள். சிலர் மட்டும் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வக்கீல் வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்வியே மண்டைக்குள் ஓடியது. ரேடியோ கேட்டதில் என்ன தப்பு?

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனாள். மின்விசிறிக்குக் கீழே அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழம் வாங்கி அனுப்பியவர்தான்.

"ஐயா, ரெண்டு விஷயம். பொம்பளைங்களுக்குச் சொத்தைக்குப் பதிலா நல்ல கடலையில கொஞ்சம் குடுங்க. சொத்தையை வெளிய விக்காதீங்க."

"ஏம்மா, உனக்கு வந்தது கடலையாலதான்னு டாக்டர் எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லைங்க. தெரியாதுன்னுதான் சொன்னாங்க."

"பார்த்தியா. தெரியாத ஒண்ணுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"தெரியாம தின்னது போச்சு ஐயா. சந்தேகம் வந்தப்புறம் அடுத்தவங்களுக்கு எப்படிப் போடறது?"

முதலாளி பொறுமையாக விளக்கப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு வாய் தவறியது. "இங்க பாரு. கப்பல்ல போற சரக்குதான் முக்கியம். அந்தப் பக்கம் இறங்கினதும் இந்தப் பூசண விஷத்துக்குன்னே சோதனை பண்றாங்க. கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் கப்பலோட திருப்பி விட்ருவாங்க. அதுக்குத்தான உங்களை எல்லாம் உட்கார வெச்சுப் பொறுக்க விடறேன்? நம்ம ஊர்ல யாரும்மா இதையெல்லாம் பார்க்கிறா?"

வக்கீல் அவரையே பார்த்தாள்.

"அப்ப இது விஷம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு ஒரு ஈரல், நமக்கு ஒரு ஈரலா ஐயா?"

"போய் வேலையைப் பாரு" என்றார் அவர்.

அவள் போய் வேலையைப் பார்க்கவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பி, உள்ளே நடந்ததை அப்படியே சொன்னாள். இந்தத் தடவை ரேடியோ குறுக்கே பேசவில்லை. கை மட்டும் கடலையைத் தட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "அப்ப நம்மளை உட்கார வெச்சு விஷத்தைப் பொறுக்க வெச்சு, அதையே நமக்குத் தானமாக் குடுத்திருக்காரு" என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அவள் வாயே திறக்கவில்லை. ரேடியோ நின்றுபோனதே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

சொத்தை லாரி வரும் நாள் அவர்களுக்குத் தெரியும். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல்காரர் சைக்கிளில் வந்தார். ஒருநாளும் சாப்பாடு கொண்டுவராத மனிதர். காவலாளி கேட்டதற்கு, "உடம்பு சரியில்லாதவ, சூடாச் சாப்பிடட்டும்னு கொண்டாந்தேன்" என்றார். பைக்குள் சாப்பாடும் இருந்தது. அதற்கு அடியில், வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம், பாட்டில் பாட்டிலாக.

முந்தைய நாள், நீலம் ஏறிய சொத்தையைத் தின்பதற்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவள் திட்டத்தைச் சொன்னபோது, வேண்டாம் என்று வாதாடியவரும் அவர்தான். "வேலை போயிடும்" என்றார். "போகட்டும்" என்றாள். "போலீஸ் வரும்" என்றார். "வரட்டும்" என்றாள். அப்புறம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, எந்த நீலம் சீக்கிரம் போகாதுன்னு உனக்குத் தெரியாது. நான் வாங்கிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பெண்கள் கைகழுவும் தொட்டியில் வாளிகளை நிறைத்து நீலத்தைக் கரைத்தார்கள். சுவரோரம் அடுக்கியிருந்த சொத்தை மூட்டைகளின் வாயைக் கத்தரிக்கோலால் பிரித்தார்கள். வக்கீல் முதல் வாளியைத் தூக்கப் போனாள். வயிற்றுத் தழும்பு இழுத்தது.

"நகரு" என்றாள் ரேடியோ. "நீ வெயிட் தூக்கக் கூடாது." வாளியை அவளே தூக்கி ஊற்றினாள். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீலம் மூட்டைகளின் அடிவரை இறங்கித் தரையில் ஓடியது. பெண்களின் கால்களெல்லாம் நீலம். மேஸ்திரி ஓடி வந்து, வாசலிலேயே நின்று, "ஐயோ, ஐயோ" என்றார். ஒருத்தி அவரிடம், "மேஸ்திரி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க, கறை போகாது" என்றாள்.

முதலாளி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யார் பண்ணினது?"

"நான்தான்" என்றாள் வக்கீல்.

"நாங்கதான்" என்றாள் ரேடியோ.

"போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க ஐயா. வந்து கேட்கட்டும், இது எதுக்கு வெச்சிருந்த மூட்டைன்னு. நீங்களே பதில் சொல்லுங்க. நாங்க குறுக்க பேச மாட்டோம்."

முதலாளி போனை எடுத்தார். எண்ணைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். வந்த லாரி வெறுமனே திரும்பிப் போனது. "நீ நாளையில இருந்து உள்ள கால் வைக்கக் கூடாது" என்று வக்கீலிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. கொண்டுவந்த முக்காலியைக் கேட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். உள்ளே பெல்ட் ஓட ஆரம்பித்தது. பெண்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். கடலை நல்லதும் கெட்டதுமாக அவர்கள் கண்ணெதிரே நகர்ந்து போய்க் கப்பலுக்குப் போகும் மூட்டையில் விழுந்தது. மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் அவரே ஓடிப்போய் பெல்ட்டை நிறுத்தினார். மறுநாளும் அப்படியே. வேறு ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பழகாத கைகள், பாதிக்குப் பாதி விட்டுவிட்டன. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

முதலாளி இறங்கி வந்தார். பெண்களுக்கு வாராவாரம் நல்ல கடலை. சொத்தையை விற்க மாட்டேன் என்றார், நம்பாவிட்டால் அவர்களே நீலம் ஊற்றி, எரிக்கச் செங்கல் சூளைக்கு அனுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை: வக்கீல் திரும்ப வரக் கூடாது.

செய்தியைக் கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தவள் ரேடியோ. "நீ இல்லாம உள்ள போக மாட்டோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"பைத்தியமே. கேட்டது எல்லாம் கிடைச்சிருக்கு. இப்ப என்னையும் சேர்த்துக் கேட்டா, எல்லாம் கைவிட்டுப் போயிடும். உள்ள போ."

"நீ என்ன பண்ணுவே?"

"எனக்கா வேலை கிடைக்காது? போ, போய் உட்காரு. சரக்கு கிடக்கு."

கேட்டில் அப்படிப் பெரிய மனுஷி மாதிரிப் பேசிவிட்டு வந்தாளே தவிர, வீட்டில் அந்த வாரம் முழுதும் அவள் பக்கத்தில் யாரும் போக முடியவில்லை. சோற்றில் உப்பு இருந்தாலும் சண்டை, இல்லாவிட்டாலும் சண்டை. வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகத் தெருவில் பேசிக்கொண்டு போகும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். இருட்டிலா தைப்பது என்று தையல்காரர் கேட்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே தொடையில் தடுப்பூசி போட்டார்கள். குழந்தை போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "பரவாயில்ல, தொழிலுக்கு வாரிசு வந்தாச்சு" என்றார் தாத்தா.

வக்கீல் தவறாமல் பரிசோதனைக்குப் போய்வந்தாள். ஒருமுறை டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"ஒரு சின்னப் புள்ளி தெரியுது. ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம். அடுத்த தடவை பார்த்தாத்தான் தெரியும். பயப்படாதீங்க."

"நான் பயப்படலை. அதுக்கு நேரம் இல்ல. வேலை தேடப் போகணும்."

"இந்த உடம்போடவா?"

"இந்த உடம்புதான டாக்டரம்மா என்கிட்ட இருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிடங்கு இருந்தது. அங்கே கடலையும் சோளமும் வரும். பொறுக்க ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த இடத்து மேனேஜர் இளவயதுக்காரர். கையில் காய்த்திருந்த தடிப்பைப் பார்த்ததுமே பழகின ஆள் என்று தெரிந்துகொண்டார்.

"முன்னாடி எங்க இருந்தீங்க? ஏன் நின்னீங்க?"

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி, ஈரல், முதலாளி சொன்னது, நீலம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். மேனேஜர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். பின்னால் பெல்ட் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பாதி இடம் காலி. கடலை யாரும் தொடாமல் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"வம்பு பண்ண மாட்டீங்களே?"

"பண்ணாம இருக்கிறது உங்க கையிலதான் தம்பி இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே உட்காரறேன்" என்று தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, காலியாக இருந்த பலகையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். வக்கீல் கையைப் பெல்ட்டில் வைத்தாள். முதல் கறுத்த கடலையைத் தட்டித் தொட்டியில் போட்டுக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, இங்க சொத்தையெல்லாம் எங்க போகுது?"